மேற்படி பச்சையப்பன்

உக்காரும்மா, இங்க நல்ல நிழல் இருக்குது. அந்த வேப்பமரத்துக்குக் கீழ போனா காக்கா எச்சம் போடும், நான் ரெண்டு தடவ வாங்கியிருக்கேன். பதிவேடு எடுத்துக் குடுக்கிறவரு சாப்பிடப் போயிட்டாரு. ஒரு மணிக்குப் போனா ரெண்டேகாலுக்குத்தான் வருவாரு. கதவையே பாத்துக்கினு நின்னா கால்தான் வலிக்கும். நீ டப்பாவத் தொறந்து சாப்பிடு.

ஆராய்ச்சி பண்றியா? எதப் பத்தி? ஏரிங்களப் பத்தியா. நல்லது. ஏரிக்கு இங்க கட்டுக்கட்டா பதிவேடு இருக்குது. மதகு எத்தன, கலங்கல் எத்தன, எல்லாம் எழுதி வெச்சிருக்கான். மனுசனத் தேடறதுதான் கஷ்டம்.

எந்த ஊரும்மா உனக்கு? உத்திரமேரூர் பக்கமா? அங்க எந்தத் தெரு? தப்பா நெனச்சுக்காத, தெரிஞ்சவங்க யாராச்சும் இருப்பாங்களோன்னு கேட்டேன். சரி, சொல்லலன்னா போ. இல்லம்மா, எனக்கு வேணாம், நீ சாப்பிடு. புளிசாதம் நல்லா வாசனையாத்தான் இருக்குது. எனக்கு வெளியில ஒத்துக்காது, அவ்ளோதான்.

என் பேரு ஏகாம்பரம். செய்யாறு பக்கம் வெண்மணம்பாக்கம். சார்பதிவாளர் ஆபீசுல கிளார்க்கா சேந்து ஹெட் கிளார்க்கா ரிடையர் ஆனேன். முப்பத்தாறு வருசம் பத்திரத்தோடயே குடித்தனம். எழுத்துன்னா என்னான்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம். வீட்டுக்கு வடக்குல ரோடே இல்லாதவன் ரோடுன்னு எழுதிக்கினு வருவான். உயிரோட இருக்கிற அக்காவச் செத்துப்போயிட்டதா எழுதிக்கினு வருவான். கட்டத்துல என்னா இருக்கணும்னு எழுதிக்குடுக்கிறவன்தாம்மா முடிவு பண்றான். ஆனா ஒண்ணு, ஒரு தடவ சீல் வெச்சுட்டா அப்புறம் அதுதான் உண்மை. நான் சொல்றது தப்பா?

பதினோரு வருசமா இந்த ஆவணக் காப்பகத்துக்கு வந்துக்கினு இருக்கேன். மாசத்துக்கு ஒரு தடவ, சில மாசம் ரெண்டு தடவ. செய்யாத்துல நாலரை மணி பஸ்ஸு. இங்க இருக்கிறவங்களுக்கெல்லாம் நான் கப்பல்காரரு. "கப்பல்காரரே, இன்னைக்கு எந்த வருசத்துக் கட்டு?" அப்படிம்பாங்க. சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்.

எங்க கொள்ளுத்தாத்தாவத் தேடறேன். பேரு பச்சையப்பன், அப்பா பேரு தாண்டவராயன். இருபத்தாறு வயசுல ஊர விட்டுப் போனவரு, திரும்பி வரல. காஞ்சிபுரம் சந்தையில ஆள் புடிக்கிற கங்காணி கூட நின்னதப் பாத்தேன்னு எங்கூரு வண்டிக்காரன் ஒருத்தன் வந்து சொன்னானாம். கப்பல் ஏறிட்டாருன்னு அப்புறம் சேதி. அவ்ளோதான். கடுதாசி கிடையாது, காசு கிடையாது, செத்த தேதி கிடையாது. அப்போ எங்க தாத்தா நாலு மாசக் குழந்தை. எங்க கொள்ளுப்பாட்டி சாகறவரைக்கும் பொட்டும் தாலியுமா இருந்து, அதே கோலத்துல போய்ச் சேந்துச்சு. புருசன் இருக்கானா இல்லையான்னு தெரியாம அறுவது வருசம்.

ஏன் போனாரு? அண்ணந்தம்பி சண்டை. ஏரிக்கரையில ஒண்ணேகால் காணி நெலம், அதப் பங்கு போடறதுல தகராறு. ரோசக்காரரு, போயிட்டாரு. எங்க வீட்டுல அப்படித்தான் சொல்லுவாங்க. ஊர்ல வேற ஒரு பேச்சும் உண்டு. அதே வாரம் அந்தப் பக்கம், காலனிப் பக்கம், ஒரு பொண்ணையும் காணோமாம். ஊர்னா ஆயிரம் பேச்சு இருக்கும். ஒரு வாரத்துல ரெண்டு பேரு காணாமப் போகக்கூடாதா என்ன?

எதுக்கு இந்த வயசுல இப்படி அலையுறேன்னுதானே பாக்கற? எழுவத்துநாலு முடிஞ்சிடுச்சு எனக்கு. சொல்றேன். எனக்கு ஒரே பையன், செழியன். முப்பத்தோரு வயசு. பொண்ணு பாத்துக்கினு இருந்தோம். பைபாஸ்ல மணல் லாரி. அதுக்கு மேல அதப் பத்தி நான் பேச மாட்டேன். அவனுக்கு நான் கொள்ளி வெச்சேன். சுடுகாட்டுல இருந்து திரும்பி வரும்போது ஒருத்தரு, ஆறுதலாத்தான் சொன்னாரு, "உங்களுக்கு யாரு ஏகாம்பரம்?" அப்படின்னு. அன்னிக்கு ராத்திரியெல்லாம் அதே கேள்விதான்.

எனக்கு யாரு? எங்க தாத்தா ஒரே புள்ள, எங்கப்பா ஒரே புள்ள, நான் ஒரே புள்ள. ஏரிக்கரை நெலத்த வாங்கிக்கினாரே கொள்ளுத்தாத்தாவோட அண்ணன், அவரு வழியில எல்லாம் பொண்ணுங்க, வேற வேற ஊருக்குப் போயிட்டாங்க. பங்காளின்னு சொல்லிக்க இந்தியாவுல எனக்கு ஒரு ஆள் இல்ல. அப்பத்தான் தோணுச்சு. கப்பல் ஏறிப் போனவரு அங்க ஒரு கல்யாணம் பண்ணியிருப்பாரு. ஆம்பளப் புள்ள பொறந்திருக்கும். அந்த வழியில எங்கயாவது ஒருத்தன் இருப்பான். அவன் வந்து கொள்ளி வெக்கட்டும், இல்ல அவன் புள்ள வந்து வெக்கட்டும். சொந்த ரத்தம், நம்ம ஆளு. நான் கேக்கிறது அவ்ளோதான்.

இரு, போனு அடிக்குது. ஆங், சொல்லும்மா. சாப்ட்டேன். மாத்திரையும் போட்டுட்டேன். தண்ணி இருக்குது. வெயில்லாம் இல்ல, நிழல்லதான் உக்காந்திருக்கேன். சரி, வெச்சிடறேன்.

எம்பொண்ணு, யமுனா. காஞ்சிபுரத்துல டீச்சரு. மத்தியானம் ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ போன் பண்ணிடும். ஆஸ்பத்திரி, கண்ணு ஆபரேசன், கரண்டு பில்லு எல்லாம் அதுதான் பாக்குது. அது கூட ஒரு நாளு சொல்லுச்சு, "நான் வெக்கிறேம்ப்பா கொள்ளி, இதுக்கா இப்படி அலையுற?" அப்படின்னு. பொம்பளப் புள்ள சுடுகாட்டுக்கு வர்றதா? டவுன்ல செய்யறாங்களாம். செய்யட்டும். எனக்கு யாருமில்லன்னு சொன்னேனே, அது உண்மைதான். பொண்ணு இன்னொரு வீட்டுக்குப் போனவ.

இப்போ பதிவேட்டுக் கதைக்கு வரேன். கப்பல் ஏத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஆளையும் எழுதியிருக்கான் வெள்ளைக்காரன். நம்பரு, பேரு, அப்பன் பேரு, வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், அங்க அடையாளம். அங்க அடையாளம்தான் முக்கியம். எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு இடது கால் சுண்டுவிரல் கிடையாது. சின்ன வயசுல மாட்டுவண்டிச் சக்கரம் ஏறிடுச்சு. அதனால எனக்கு நம்பிக்க. பச்சையப்பன்னு நூறு பேரு இருக்கலாம். வெண்மணம்பாக்கத்துல இருந்து, தாண்டவராயன் புள்ள, சுண்டுவிரல் இல்லாத பச்சையப்பன் ஒருத்தன்தானே இருக்க முடியும்?

நான் எப்படித் தேடுவேன் தெரியுமா? முதல்ல சாதிக் கட்டத்தப் பாப்பேன். அது நம்ம ஆளுன்னாதான் பேரையே படிப்பேன். இல்லன்னா தாண்டிடுவேன். ஒரு பக்கத்துக்கு இருவத்தஞ்சு பேரு, எல்லாத்தையும் படிச்சா கண்ணு போயிடும். இங்க ஒரு ஆபீசரு இருந்தாரு, இப்போ மாத்தல்ல போயிட்டாரு. அவரு சொன்னாரு, "ஐயா, அந்தக் கட்டத்த நம்பாதீங்க, கப்பலுக்கு முன்னாடி அடைச்சு வெச்ச டிப்போவுல வாய்க்கு வந்ததச் சொல்லியிருப்பாங்க." நான் சிரிச்சேன். ஊரு மாத்திச் சொல்லுவான், வயசு மாத்திச் சொல்லுவான். அத யாராச்சும் மாத்திச் சொல்லுவானா?

இப்படியே ஒன்பது வருசம் போச்சு. போன வருசத்துக்கு முந்தின வருசம் யமுனா ஒரு வேலை பண்ணுச்சு. தென்னாப்பிரிக்காவுல இருக்கிற நம்மாளுங்க கம்ப்யூட்டர்ல ஒரு குழு வெச்சிருக்காங்களாம், எல்லாம் இங்க இருந்து போனவங்களோட பேரப்புள்ளைங்க. அதுல கொள்ளுத்தாத்தா பேரு, ஊரு, விரல் எல்லாம் எழுதிப் போட்டுச்சு. மூணே வாரம். டர்பன்ல இருந்து ஒருத்தரு பதில் போட்டாரு. அவரு பேரு லோகநாதன், அங்க லோகன்னு கூப்பிடுவாங்களாம். பாஸ்போர்ட்டுல கடைசிப் பேரு பச்சையப்பன். அவங்க குடும்பத்துக்கே அதுதான் கடைசிப் பேரு. வயசு அம்பத்தேழு. பஸ் ஓட்டி ரிடையர் ஆனவரு. பச்சையப்பனோட கொள்ளுப்பேரன், அதாவது எனக்குத் தம்பி முறை. அவருக்கு ஒரு பையன், அவன் எனக்கு மகன் முறை.

மகன் முறை. யமுனா அதப் படிச்சுக் காட்டினப்போ நான் எழுந்து பின்னாடி கொல்லைக்குப் போயிட்டேன். அழுதேன்னு சொல்லிக்க என்ன வெக்கம்? அழுதேன்.

தை மாசம் பொங்கல் முடிஞ்ச மறுவாரம் வந்தாரு. கார்ல இருந்து எறங்கும்போதே செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கினாரு. வாசப்படியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினு அப்படியே விழுந்து கும்பிட்டாரு, அந்தப் பெரிய உடம்ப வெச்சுக்கினு. எழுந்திருக்க முடியல. நான்தான் கை குடுத்துத் தூக்கினேன். தமிழு பத்து வார்த்த வரும். அண்ணா, அண்ணி, தண்ணி, சோறு, சாமி. மத்ததெல்லாம் இங்கிலீசு. யமுனா மொழிபெயர்க்கும். எம்பொண்டாட்டி கனகவல்லி அவர ஒரு நிமிசம் பாத்துட்டு, என்னைப் பாத்துட்டு, உள்ள போயிடுச்சு. சமையல்கட்டுல நின்னுக்கினு சேலையால கண்ணத் தொடச்சுக்கினு இருக்குது. என்னான்னு கேட்டா, "காதப் பாருங்க" அப்படின்னுது.

எங்க வம்சத்துல வலது காதுக்கு முன்னாடி, இதோ இங்க, ஒரு சின்ன துளை இருக்கும். ஊசி போட்டு எடுத்த மாதிரி. எங்கப்பாவுக்கு இருந்துச்சு, செழியனுக்கும் இருந்துச்சு. அவன் குழந்தையா இருந்தப்போ அத மறைக்க கனகாவே மை வெப்பா. அந்த மனுசனுக்கு அதே எடத்துல இருந்துச்சு. ஆனா பாரும்மா, துளைன்னு எடுத்துக்கினா எத்தனையோ பேருக்கு இருக்கும். டாக்டரே சொல்றாங்க.

ஒரு போட்டோ கொண்டாந்தாரு. பச்சையப்பன், கிழவரா, நாற்காலியில உக்காந்திருக்காரு. மேல கோட்டு, கீழ வேட்டி, காலுல ஒண்ணுமில்ல. இடது காலப் பாத்தேன். நாலு விரல். நான் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடி எண்ணினேன். நாலுதான். செத்த தேதியும் சொன்னாரு, ஆவணி மாசம் தேய்பிறையில, வருசாவருசம் படையல் போடறாங்களாம். குலசாமி பச்சையம்மன்னாரு. எங்களுக்கும் அதுதான். அன்னிக்கு இலை போட்டு, என் பக்கத்துல உக்கார வெச்சு, நடுக்கூடத்துல சாப்பாடு. கத்திரிக்காய் காரக்குழம்பு, வடை, பாயாசம். கனகா பரிமாறிக்கினே, "தம்பி, இன்னும் ரெண்டு வடை வெச்சுக்கோங்க." அவரு "அண்ணி, போதும் போதும்" அப்படிங்கறாரு. செழியன் போனப்புறம் அந்த வீட்டுல அவ சிரிச்சு நான் பாத்தது அன்னிக்குத்தான்.

சாப்பிட்டு முடிச்சதும் நான் கேட்டேன், என் புத்தி அப்படி, "அந்தக் கப்பல் பதிவேட்டுப் பக்கம் கொண்டாந்தீங்களா?" அப்படின்னு. அவரு சந்தோசமாப் பையில இருந்து எடுத்தாரு. அந்த நாட்டுல இருக்கிற பதிவேட்டோட நகலு, பிளாஸ்டிக் உறையில போட்டு பத்திரமா வெச்சிருந்தாரு. நான் கண்ணாடி போட்டுக்கினு ஒவ்வொரு கட்டமா படிச்சேன். பேரு, பச்சையப்பன். அப்பன் பேரு, தாண்டவராயன். வயசு இருவத்தாறு. கிராமம் வெண்மணம்பாக்கம். அடையாளம், இடது கால் சுண்டுவிரல் இல்லை. எல்லாம் இருக்குது. சாதிக் கட்டத்துல ரெண்டு சின்னக் கோடு. மேற்படின்னு அர்த்தம். மேல இருக்கிறதுதான் இதுக்கும்.

மேல பாத்தேன். முந்தின நம்பரு. அஞ்சலை. பொம்பள. வயசு பத்தொம்பது. கிராமம் வெண்மணம்பாக்கம். சாதிக் கட்டத்துல என்ன எழுதியிருந்துச்சுன்னு நான் வாயால சொல்ல மாட்டேன். நீ படிச்ச பொண்ணு, உனக்கே புரியும்.

"இது யாரு?" அப்படின்னேன். "அவங்கதான் எங்க கொள்ளுப்பாட்டி"ன்னாரு, பளிச்சுன்னு. மறைக்கணும்னு கூட அவருக்குத் தெரியல. அவங்களோட படமும் இருக்குதுன்னு பைக்குள்ள கையை விட்டாரு. நான் வேணாம்னுட்டேன்.

நான் கெட்டவன் இல்லம்மா. கோவப்படல. யோசிச்சேன். முப்பத்தாறு வருசம் காப்பி எழுதினவன் நான். ஒரு நாளைக்கு நாப்பது பக்கம். மேல இருக்கிறதையே திருப்பித் திருப்பி எழுத கை ஓடுமா? மேற்படி, மேற்படின்னு போட்டுக்கினே போவோம். வேற ஊர்க்காரனுக்குக் கூட மேற்படி போட்டு, அப்புறம் ரப்பர் வெச்சு அழிச்சிருக்கேன். அங்க இருந்த கிளார்க்கும் அப்படித்தான் போட்டிருப்பான். மத்தியானச் சாப்பாட்டு நேரமா இருந்திருக்கும். அது எழுத்தரோட சோம்பேறித்தனம். அதுக்கு நம்ம வம்சம் என்ன பண்ணும்?

அத அவருகிட்ட சொன்னேன். யமுனாவ விட்டுச் சொல்லச் சொன்னேன். "தம்பி, இத நாம சரி பண்ணிடலாம். ஒரு இருபது ரூபா பத்திரத்துல எழுதிக்கலாம், வாசகம் நான் சொல்றேன். பச்சையப்பன் அங்க போனப்புறம் நம்ம ஆளுங்கள்லயே ஒரு பொண்ணக் கட்டினாரு, அந்த வழியில வந்தவங்கதான் நீங்க, இந்த அஞ்சலைங்கிறது யாரோ, சம்பந்தமில்ல. அவ்ளோதான். நீங்க கையெழுத்துப் போடுங்க. ரெண்டு சாட்சி நான் புடிக்கிறேன். நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா நீங்களோ உங்க பையனோ வந்து நின்னா, தெருவுல எவனும் வாயத் தொறக்க மாட்டான்."

யமுனா பாதி சொல்லிட்டு நிறுத்திடுச்சு. "நீயே சொல்லிக்கோப்பா"ன்னு எழுந்து போயிடுச்சு. நான் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல சொல்லி முடிச்சேன். ஆபீஸ் இங்கிலீசு, அது அவருக்கு நல்லாவே புரிஞ்சுது.

அவரு சொம்புத் தண்ணியக் குடிச்சாரு. வேர்த்துச்சு அவருக்கு, பையில இருந்து மாத்திரை எடுத்துப் போட்டுக்கினாரு. அப்புறம் அந்தப் பக்கத்த என் பக்கமாத் திருப்பி, விரல வெச்சுக் காட்டி இங்கிலீசுலயே சொன்னாரு. "அண்ணா, பாருங்க, அவங்க பேருதான் முதல்ல இருக்கு. அவங்கதான் முதல்ல போயி கிளார்க் முன்னாடி நின்னிருக்காங்க. இவரு அவங்க பின்னாடி நின்னு, எனக்கும் அதேன்னு சொல்லியிருக்காரு. அவர நீங்க எடுத்துக்கணும்னா அவங்களயும் எடுத்துக்கணும். அவங்க இல்லாம நான் எப்படி வந்தேன்?"

இதுதான் அவரு சொன்னது. நான் கேட்டேன், "இங்க ஒருத்தி நாலு மாசக் குழந்தையோட தாலியக் கட்டிக்கினு உக்காந்திருந்தாளே, அவளுக்கு என்ன பதிலு?" அவரு கண்ணு கலங்கிடுச்சு. "அதுக்காகத்தாண்ணா வாசப்படியில விழுந்தேன்"னாரு. கேட்டதுக்கு ஒரு பதிலாச்சும் சொன்னாரு, அத நான் ஒத்துக்கிறேன். ஆனா கையெழுத்து? போடலியே. ஒரு கையெழுத்து. ஒரே ஒரு கையெழுத்து. எழுதப் படிக்கத் தெரிஞ்ச மனுசன், நாலாயிரம் மைலு தாண்டி வந்தவரு, அதப் போட்டா கொறஞ்சா போயிடுவாரு?

எழுந்தாரு. கனகாவோட காலத் தொட்டுக் கும்பிட்டாரு. என் காலத் தொட வந்தப்போ நான் பின்னால நகந்துட்டேன். ஏன் நகந்தேன்னு இப்போ கேட்டா எனக்குத் தெரியாது. கால் தானா நகந்துச்சு.

நேரா கார்ல ஏறிப் போவாருன்னு பாத்தா, காலனி எந்தப் பக்கம்னு தெருவுல நின்னு கேட்டிருக்காரு. நடந்தே போயிட்டாரு. மூணு நாள் அங்கதான். அஞ்சலையோட அண்ணன் வழியில பேரப்புள்ளைங்க இருக்காங்களாம், நூத்தி இருவது வருசமா அந்தப் பேரு சொல்லி வீட்டுல விளக்கு வெக்கறாங்களாம். மேளம் அடிச்சாங்க, எங்க தெரு வரைக்கும் கேட்டுச்சு. கடா வெட்டினாங்க. ஒரு பத்திரம் கேக்கல, ஒரு நகல் கேக்கல. எழுத்து இல்லாம ஒரு ஆளச் சேத்துக்கறவங்களப் பத்தி நான் என்னா சொல்ல? எங்க வீட்டுல ஒரு பித்தளத் தூக்கு காணாமப் போச்சு அந்த மூணு நாள்ல. கேட்டா கனகா தெரியாதுன்னுது. நாலாம் நாளு கழுவிக் கவுத்து வெச்சிருந்துது. வடைய எடுத்துக்கினு அவளே நடந்து போயிட்டு வந்திருக்கா, மூட்டு வலி வெச்சுக்கினு.

அப்புறம் என்ன, அவரு போயிட்டாரு. யமுனாவோட மட்டும் போன்ல பேசிக்கினு இருந்தாரு. சித்தப்பா சித்தப்பான்னு அதுவும் பேசும். அண்ணன் எப்படி இருக்காருன்னு ஒவ்வொரு தடவையும் கேப்பாராம். நல்லா இருக்காருன்னு சொல்லுன்னேன்.

நான் என் வேலையப் பாக்க ஆரம்பிச்சேன். வேற பச்சையப்பன் இருக்கணும். இருக்கணும்ல? அதே ஊரு, அதே அப்பன் பேரு, நம்ம ஆளு. சுண்டுவிரல்? அந்தக் காலத்துல எத்தன வண்டி, எத்தன சக்கரம். விட்டுப்போன வருசமெல்லாம் எடுத்துப் பாத்துக்கினு இருக்கேன். இன்னைக்குக் குடுக்கப் போறதுதான் கடைசிக் கட்டு. இதுக்கு மேல இந்த ஆபீசுல இல்லன்னுட்டாங்க.

போன கார்த்திகையில யமுனா காலையில போன் பண்ணுச்சு. அது அந்த நேரத்துக்குப் பண்ணாது. "அப்பா, சித்தப்பா தவறிட்டாரு"ன்னுச்சு. நெஞ்சு வலியாம். தூக்கத்துலயே. நான், "யாரு, அந்த டர்பன்காரரா?" அப்படின்னேன். "அந்தப் பையன்கிட்ட ஒரு வார்த்த பேசுறியாப்பா?" அப்படின்னு கேட்டுச்சு. என்னான்னு பேசச் சொல்ற? ஒண்ணும் வேணாம்னு போன வெச்சுட்டேன்.

வெச்சுட்டுப் பின்னாடி போயி, தொட்டித் தண்ணிய மொண்டு தலைக்கு ஊத்திக்கினேன். வேட்டியோட. நாலு சொம்பு, அஞ்சு சொம்பு. நீ வேற எதுவும் நெனச்சுக்காத. பங்காளி செத்தா சேதி கேட்ட உடனே தலைக்கு ஊத்திக்கணும்னு ஒரு வழக்கம் இருக்குது, தெரியும். இது அதுக்கில்ல. புழுக்கமா இருந்துச்சு. கனகா வந்து நின்னா. மழை தூறிக்கினு இருக்குது, நான் நடுங்கிக்கினு நிக்கிறேன். "புழுக்கம்"னேன். "எனக்கும்தான்"னு சொம்ப வாங்கி அவளும் தலையில ஊத்திக்கினா.

எட்டு நாள் கழிச்சு தீபம். பங்காளித் தீட்டு இருக்கிற வீட்டுல பதினாறு நாளு விளக்கு ஏத்த மாட்டாங்க. எங்க வீட்டுல நான் ஏத்தாதன்னு சொல்லல, அவளும் ஏத்தட்டுமான்னு கேக்கல. அகல எடுத்துக் கழுவவும் இல்ல. தெரு முழுக்க வரிசையா விளக்கு எரியுது, எங்க வாசல் மட்டும் இருட்டு. நான் கதவுகிட்ட சேர் போட்டு உக்காந்திருக்கேன்.

எதிர்வீட்டு நாகப்பன் வந்தாரு, அவரும் எங்க ஆளுதான், நல்ல மனுசன். "என்ன ஏகாம்பரம், விளக்கு ஏத்தல?" அப்படின்னாரு. எண்ணெய் தீந்துபோச்சுன்னு சொல்லணும்னுதான் வாயத் தொறந்தேன். சத்தியமா அதான் சொல்ல நெனச்சேன்.

"எங்க பங்காளி ஒருத்தரு தவறிட்டாரு"ன்னு வந்துடுச்சு.

அவரு சிரிக்கல, கிண்டல் பண்ணல. நிசமாவே புரியாமக் கேட்டாரு. "உங்களுக்குத்தான் பங்காளியே கிடையாதே?"

உள்ள கனகா நின்னுக்கினு இருக்கா. நான் என்ன சொல்லப்போறேன்னு கேட்டுக்கினு இருக்கா. அது எனக்குத் தெரியும்.

"ஆமா நாகப்பா, கிடையாது"ன்னேன். "அதான் தேடிக்கினு இருக்கேன்."